ஒன்றும் கேட்கவில்லையே

என் காரில் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஏழு வருடப் பழைய சின்ன கார். திருச்சியிலிருந்து நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் போக 38 கிலோமீட்டர், திரும்பி வர 38. ஊர் எல்லை தாண்டி, ஒட்டுப்போட்ட தார்ச் சாலையில் வண்டி ஐம்பதைத் தொட்டதும் என் இடது காதுக்குப் பின்னால் அது தொடங்கும். டக், டக்டக், டக். பிளாஸ்டிக்கில் யாரோ விரல் நகத்தால் தட்டுவதுபோல. சாலை வழவழப்பானால் நின்றுவிடும். மறந்துவிட்டோம் என்று நினைக்கும்போது மறுபடி ஒரு டக்.

வண்டி ஓடுவதற்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் 38 கிலோமீட்டர் முழுக்க அடுத்த தட்டலுக்காகக் காத்திருக்கும் காதோடு வண்டி ஓட்டுவது எப்படியிருக்கும் என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் ஐந்து பேர், கல்லூரியில் வகுப்புக்கு அறுபது பேர். இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் தனியாக இருக்கும் நேரம். அதற்குள்ளும் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

சர்வீஸ் சென்டரில் சொன்னேன். அட்டையில் எழுதிக்கொண்டார்கள். மாலையில் போன் வந்தது. "டிரையல் பார்த்துட்டோம் மேடம். ஒண்ணும் வரல." எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "இங்கதான் மேடம், ரவுண்டானா வரைக்கும்." அந்தச் சாலையில் பகல் நேரத்தில் முப்பதுக்கு மேல் போக முடியாது.

அடுத்த முறை, யாராவது என்னோடு வாருங்கள் என்றேன். இளைஞர் ஒருவர் வந்தார். மரியாதையானவர். இடது பக்கம் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். நான் தினமும் போகும் அதே சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டினேன். ஐம்பது, அறுபது, அதே ஒட்டுகள், அதே பள்ளங்கள். சத்தம் வரவில்லை. ஒரே ஒரு முறையாவது வந்துவிடாதா என்று நான் தவித்த தவிப்பு எனக்கே வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து இறங்கும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சில பேருக்குக் காது ரொம்ப ஷார்ப்பா இருக்கும் மேடம்." அட்டையில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தது.

மூன்றாவது முறை என் கணவர். ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருக்கும் என்று கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேலி செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கவனமாகத்தான் கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. பேசாம பாட்டு போட்டுக்கோயேன்" என்றார். திங்கட்கிழமை காலை, தனியாகக் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில், டக்.

போனில் பதிவு செய்து பார்த்தேன். காற்றின் இரைச்சலும் இன்ஜின் இரைச்சலும்தான் பதிவாகியிருந்தன. அந்த வாரத்திலிருந்து நான் காரைவிட என் காதைத்தான் அதிகம் சந்தேகப்பட்டேன்.

*

வண்டிக்குள் வரும் சத்தங்களைக் கார் தயாரிப்பவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். தளர்ந்துபோன ஒரு பாகம் இன்னொன்றின் மேல் மோதினால் வருவது தட்டல். நம் வாயில் 'கடகட'. இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி நகரும்போது வருவது கிறீச்சல். ரப்பரும் பெயின்ட்டும், பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் இடங்களில் அது வரும். மெல்லிய தகடோ மூடியோ இன்ஜினின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சேர்ந்து அதிர்வது ரீங்காரம். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் வரும், இன்னும் மிதித்தால் போய்விடும்.

காரணம் பெரும்பாலும் அற்பமானது. முன்பெட்டியில் கிடக்கும் சில்லறைக் காசு, கண்ணாடிக் கூடு, கதவுப் பையில் உருளும் தண்ணீர் பாட்டில், டிக்கியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி, தலைசாயும் திண்டின் இரண்டு கம்பிகள், ஆணி தளர்ந்த நம்பர் பிளேட். அதற்கப்புறம்தான் உடைந்த கிளிப்பும் கழன்ற திருகும். வைத்தியமும் அற்பமானதுதான். உரசும் இடத்தில் ஒரு துண்டு துணி டேப், மோதும் இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் அல்லது ஸ்பாஞ்சு, கதவு ரப்பரில் கொஞ்சம் சிலிக்கான். கிரீஸும் எண்ணெயும் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கண்ணாடியோரத் தூண் மூடிகளையும் ஸ்டியரிங் நடுப்பகுதியையும் நாமே கழற்றக் கூடாது. உள்ளே ஏர்பேக் இருக்கலாம். மஞ்சள் நிற இணைப்பைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். சத்தம் காருக்கு அடியிலிருந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வந்தால் அது வேறு கதை. சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

சரிசெய்வது இவ்வளவு எளிது என்றால் கடினம் எங்கே? கண்டுபிடிப்பதில். வண்டிக்குள் காது ஏமாறும். நாலு பக்கமும் கண்ணாடி. ஒரு மூலையில் பிறந்த ஒலி எதிர்ப்பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும், பிளாஸ்டிக் வழியாகவும் ஓடும். வெயிலில் விரிந்த பிளாஸ்டிக் மதியம் ஒரு மாதிரி, விடிகாலைக் குளிரில் இன்னொரு மாதிரி. அதனால் பட்டறையில் நிற்கும் வண்டியை எவ்வளவு நேரம் தட்டிப் பார்த்தாலும் பயனில்லை. எந்தச் சாலை, எந்த வேகம், எந்த நேரம், யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அதைக் கேட்டவர்தான். அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல் தேடலைத் தொடங்கக்கூட முடியாது.

*

கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு புளியமரத்தடிப் பட்டறை இருக்கிறது. ஒரு நாள் காற்றுப் பிடிக்க நின்றபோது, நம்பிக்கையில்லாமல்தான் சொன்னேன். அறுபது வயதிருக்கும் அவருக்கு. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சரிம்மா, எப்ப வராது?"

எப்போது வரும் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எப்போது வராது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்தேன். "யாராவது கூட வந்தா வராதுண்ணே" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று தோன்றியது. அவர் சிரிக்கவில்லை. "கூட வர்றவங்க முன்னாடி உக்காருவாங்களா, பின்னாடியா?" "முன்னாடி." "அப்ப நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். நீ எப்பவும் போற மாதிரியே போ."

பின்சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் என் பக்கத்து இருக்கை காலி. நாலு கிலோமீட்டர் போவதற்குள் டக், டக்டக். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். தலையை ஆட்டி, "கேக்குதும்மா" என்றார். அந்த ஒரு சொல்லில் என் கண் கலங்கியது என்று எழுதினால் சிரிப்பீர்கள். கலங்கத்தான் செய்தது.

அவர் முன்னால் எட்டி, காலியாக இருந்த இடது இருக்கையின் பெல்ட்டைக் கையால் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார், வந்தது. பெல்ட்டின் முனையில், பூட்டுக்குள் நுழையும் இரும்புத் தகடு ஒன்று இருக்கிறதல்லவா, அது கீழே இறங்கிவிடாமல் நிறுத்த பெல்ட்டில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் வைத்திருப்பார்கள். அந்தப் பொத்தான் எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. தகடு கீழே இறங்கி, தூணின் பிளாஸ்டிக் மூடி மேல் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் இத்தனை நாளும் பின்கதவுக்குள்ளிருந்து வருகிறது என்று சாதித்துக்கொண்டிருந்தேன்.

இடது பக்கம் யாராவது உட்கார்ந்தால் பெல்ட் போட்டுக்கொள்வார்கள். தகடு பூட்டுக்குள் போய்விடும். சத்தம் நின்றுவிடும். சர்வீஸ் சென்டர் இளைஞரும் என் கணவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் இருந்தவரை சத்தம் உண்மையாகவே இல்லை. சோதித்துப் பார்க்க வந்தவர் வந்து உட்கார்ந்த செயலே, சோதிக்க வேண்டியதை நிறுத்திவிட்டது.

ஒரு ஃபெல்ட் துண்டை வெட்டி மூடியில் ஒட்டினார். பெல்ட்டில் ஒரு பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். வெறும் சட்டைப் பொத்தான். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

*

அன்று கல்லூரிக்குப் போகும் வழியில் வண்டி அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் எனக்கு நினைவுக்கு வந்தது என் சித்தி மகள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் என் அம்மாவிடம் சொன்னாள், அவர் பேசுற பேச்சு தாங்க முடியல பெரியம்மா என்று. அடிப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து ஒரு சொல், புடவையைப் பார்த்து ஒரு சொல், போன் வந்தால் யார் என்று ஒரு கேள்வி, சம்பளம் வந்த அன்றே கணக்கு. தனித்தனியாகச் சொன்னால் ஒன்றும் இல்லாததுபோல்தான் இருக்கும். குடும்பம் கூடிப் பேசியது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று முடிவானது. அம்மா, சித்தி, நான், மூன்று பேரும் போய் இரண்டு நாள் தங்கினோம். அவர் காலையில் எழுந்து எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவளை 'ம்மா' போட்டுக் கூப்பிட்டார். மாமியாரைப் பற்றிக் கேலி பேசி எங்களைச் சிரிக்க வைத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சித்தி சொன்னார், "நல்லாத்தானே இருக்காரு. இவதான் எல்லாத்தையும் பெருசா எடுத்துக்கிறா." அந்த வாக்கியத்தை நான் மறுக்கவில்லை. நான் படித்தவள், பெண்ணியம் பேசுகிறவள், வகுப்பில் பாடம் எடுக்கிறவள். என் கண்ணால் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை என்று நம்பினேன். அதற்கப்புறம் அவள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டவர்கள். எங்கள் வருகைதான் அந்த இரண்டு நாளும் அவர் வாயை அடைத்திருந்தது. அதைச் சான்றாக எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிட்டு வந்தோம்.

பார்த்தால்தான் நம்புவேன் என்பது நியாயமான நிலைபோல்தான் தெரிகிறது. யார் பக்கமும் சாயாமல் உண்மையின் பக்கம் நிற்பதாகத் தோன்றும். ஆனால் சில உண்மைகள் ஆள் இல்லாத இடத்தில் மட்டுமே நடக்கின்றன. ஆள் இல்லை என்பதுதான் அவை நடப்பதற்கே காரணம். லிஃப்டில், மேலதிகாரியின் அறையில், ஆராய்ச்சி வழிகாட்டியின் வீட்டில், இரவு பத்து மணிக்கு மேல் சமையலறையில். அங்கே நடப்பதற்குச் சாட்சி கேட்பவர், சாட்சி இருந்தால் நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கேட்கிறார். அந்த நிபந்தனையை யாராலும் நிறைவேற்ற முடியாது. நிறைவேற்ற முடியாத நிபந்தனையை வைப்பதற்குப் பெயர் நடுநிலை இல்லை.

மெய்யியலாளர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியான தன் நூலில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்: சாட்சிய அநீதி. ஒருவர் சொல்வதற்கு உரிய மதிப்பை, அவர் யார் என்பதை வைத்துக் கேட்பவர் குறைத்துவிடுவது. இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'காது ரொம்ப ஷார்ப்' என்ற பாராட்டே போதும். குறை வண்டியிலிருந்து இறங்கி என் உடம்பில் ஏறிவிட்டது.

கறுப்பினப் பெண்ணிய மெய்யியலாளர் கிறிஸ்டி டாட்சன் 2011இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு படி மேலே போகிறார். கேட்பவரால் தன் சொல்லை வாங்கிக்கொள்ள முடியாது என்று கண்டுகொண்ட பெண், சொல்ல வந்ததைத் தானே வெட்டிச் சுருக்கிவிடுகிறாள். கேட்பவர் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் சொல்கிறாள், அல்லது சொல்லாமலே விடுகிறாள். வெளியிலிருந்து பார்த்தால் இது அமைதி. என் சித்தி மகள் சரியாகிவிட்டாள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டது இந்த அமைதியைத்தான்.

*

நம் சட்டத்துக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 1986இல், அப்போது நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 113பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வரதட்சணை மரண வழக்கில், சாவுக்குச் சற்று முன் வரதட்சணை கேட்டு அந்தப் பெண் கொடுமைப்படுத்தப்பட்டாள் என்று காட்டிவிட்டால், அந்தச் சாவுக்குக் குற்றம் சாட்டப்பட்டவரே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. மூடிய கதவுக்குள் நடப்பதற்கு வெளிச் சாட்சி கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்ட பிரிவு அது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்த ஒப்புதல் கிடைக்க அவள் செத்திருக்க வேண்டும்.

உயிரோடு இருப்பவளுக்காக வந்தது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். அடியும் பாலியல் கொடுமையும் மட்டுமல்ல, சொல்லால், மனத்தளவில், பணத்தால் செய்யும் கொடுமையும் வன்முறைதான் என்று அது சொல்கிறது. அதில் 32ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை என் மாணவிகள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பாதுகாப்பு உத்தரவை எதிராளி மீறினான் என்ற குற்றத்தை, பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவு செய்யலாம். ஒரு பெண். ஒரே சாட்சி. அது போதுமானதாக இருக்கலாம் என்று எழுத்தில் இருக்கிறது. சட்டம் எழுதிவைத்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வந்த நாங்கள் மூன்று பேரும் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

ஒலியையும் நீதியையும் சேர்த்து யோசிக்கும்போது தமிழ் படித்த யாருக்கும் கண்ணகி நினைவுக்கு வருவாள். சிலம்பு என்பது உள்ளே பரல் இட்ட கால் அணிகலன், நடந்தால் ஒலிக்கும். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். இந்த ஒரு வேறுபாட்டில்தான் ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. தன் மனைவியின் சிலம்புக்குள் என்ன இருக்கிறது என்பது பாண்டியனுக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது பார் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கேட்காமலே கொன்றான். பிறகு அவள் வந்து, தன் கையால் உடைத்து, உள்ளே இருந்ததை வெளியே சிதற வைத்தபோதுதான் நம்பினான். அவள் ஆவேசத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு பெண்ணின் சொல் நம்பப்படுவதற்கு அவள் வைத்திருக்கும் பொருளை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது என்பதைக் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம்.

*

அப்படியென்றால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிட வேண்டுமா? வகுப்பில் இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. கேட்பது பெரும்பாலும் மாணவிகள்தான். நேர்மையான கேள்வி, நேர்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பட்டறைக்காரர் என்னை எந்த அளவுக்கு நம்பினார் என்று திருப்பிப் பார்க்கிறேன். சத்தம் கேட்டது என்பதை நம்பினார். பின்கதவிலிருந்து வருகிறது என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டு பின்கதவைப் பிரித்திருந்தால் எனக்கு இரண்டாயிரம் ரூபாய் செலவு, சத்தமும் போயிருக்காது. எனக்கு என்ன நேர்ந்தது என்பதில் நான்தான் சாட்சி. அது எதனால், எங்கிருந்து என்பதில் நான் தவறலாம், தவறினேன். சர்வீஸ் சென்டர் செய்த பிழை இந்த இரண்டையும் ஒன்றாக்கியது. காரணத்தை நிரூபிக்க முடியாததால் அனுபவமே இல்லை என்று எழுதியது. பெண்கள் சொல்வது எல்லாம் எப்போதும் சரி என்று வாதாடும்போது நம்மில் சிலரும் அதே இரண்டையும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றாக்கிவிடுகிறோம்.

பேச வருகிறவர் கேட்பது உடனடித் தீர்ப்பை அல்ல. என் பின்சீட்டில் வந்து உட்கார் என்றுதான் கேட்கிறார். தண்டனை கொடுக்க வேண்டியபோது ஆதாரத்தை எடைபோடத்தான் வேண்டும். எதிர்ப்பக்கத்தையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தேடத் தொடங்குவதற்கே ஆதாரம் வேண்டும் என்று சொன்னால், ஆதாரம் ஒருநாளும் கிடைக்காது. தேடலுக்கு முன்பணமாகக் கொஞ்சம் நம்பிக்கையைக் கொடுத்தாக வேண்டும். பொய்யென்று பிறகு தெரிந்தால் நமக்கு நட்டம் நாலு கிலோமீட்டர் பெட்ரோல். உண்மையைப் பொய்யென்று தள்ளினால் அந்த நட்டத்தை வேறொருவர் வருடக்கணக்கில் சுமக்கிறார். இரண்டும் சமமான தவறுகள் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டுப் போட்டுக்கொள் என்ற யோசனை கொடுமையாகச் சொல்லப்பட்டது இல்லை. அன்பாகத்தான் சொன்னார். அனுசரித்துப் போ, பழகிடும், காதில் போட்டுக்காதே என்று நம் அம்மாக்கள் சொன்னதும் அன்பினால்தான். அவர்களே அப்படித்தான் ஓட்டினார்கள். பழகிவிடும் என்பது உண்மையும்கூட. காது எதற்கும் பழகும். பழகிய காதுக்கு ஒரு விலை உண்டு. பாட்டை உரக்க வைத்த வண்டியில் தட்டல் மட்டும் மறையாது. டயரின் முனகலும் பிரேக்கின் கிறீச்சலும் சேர்ந்து மறையும். நாளைக்கு உண்மையான ஆபத்து ஒலியெழுப்பும்போது அதைக் கேட்கும் பழக்கத்தை நாம் கைவிட்டிருப்போம். தன் காதைத் தானே நம்பாத பெண் அடுத்தவள் சொல்வதையும் நம்ப மாட்டாள். பஸ்ஸில் சித்தி சொன்ன வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவரிடம் அதே வாக்கியத்தை யாரோ ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

*

அன்று மாலையே சித்தி மகளுக்குப் போன் செய்தேன். ஆறு வருடம் கழித்து. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன், ஆனால் அது எனக்கு நானே செய்துகொள்ளும் உபகாரமாகிவிடும் என்று தோன்றியது. அதனால் பட்டறைக்காரரின் கேள்வியைக் கேட்டேன். "எப்பப்ப அவரு அப்படிப் பேச மாட்டாரு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: "யாராச்சும் இருந்தா பேச மாட்டாருக்கா."

இனி என்ன செய்வது என்று அவளுக்காக நான் முடிவெடுக்கப் போவதில்லை. 181 எண்ணைக் கொடுத்திருக்கிறேன். 32ஆவது பிரிவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். நடப்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன், எந்தச் சாலை, எந்த வேகம் என்று எழுதுவதுபோல. அவள் சொல்வதில் சில இடங்களில் தேதி முன்பின்னாகிறது, சில இடங்களில் காரணம் எனக்கு வேறாகத் தோன்றுகிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் அவள் திருச்சிக்கு வந்திருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு வேலை இருந்தது, காரில் கூட்டிக்கொண்டு போனேன். முன்னால் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தவள் பொத்தானைப் பார்த்து, "என்னக்கா இது, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கு?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். கீரனூர் தாண்டும்போது அவளாகவே பேசத் தொடங்கினாள். பாட்டை அணைத்தேன். புதுக்கோட்டை வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.